ஐயமும் ஒழுகலாறும்

சமயம் ஒன்றைத் தழுவி நிற்போர்க்கு அதன் கொள்கைகளில் ஐயம் நிகழுமாயின், அவர் அதனை விட்டு நீங்குதல் அறமோ, நீங்காது நின்று அதன் ஒழுக்கங்களை மேற்கொள்ளுதல் அறமோ என்னும் வினா மிகப் பழமையானது. இதற்கு விடை கூறுவார் பெரும்பாலும் இரு பாலராய்ப் பிரிந்து விரைந்து கூறிவிடுகின்றனர். ஒரு பாலார், நம்பிக்கை தளர்ந்தான் நிற்றல் நடிப்பே ஆகலின் நீங்குதலே தக்கது என்பர். மற்றொரு பாலார், ஐயம் மனத்தின் குற்றம் ஆகலின் அதனை அடக்கி ஒழிதலே தக்கது என்பர். இவை இரண்டும் எளிய விடைகள். அவ்வெளிமையே அவற்றின் குற்றமுமாம். ஐயுற்றார் ஒருவரது வாழ்க்கையை அணுகி நோக்கியவழி, இவ்விரண்டனுள் ஒன்றேனும் அவர்க்கு நேரே பொருந்தாமை புலனாகும்.

ஐயமாவது யாது என்பதை முதற்கண் தெளிதல் வேண்டும். மாலைப்பொழுதில் சேய்மைக்கண் நிற்பதொன்றைக் குற்றியோ மகனோ என இருபாலும் அறிவு ஊசலாடிக் காண்பது ஐயம். குற்றியை மகனென்றே கொள்ளுதல் திரிபு. அணுகிக் கண்டு இன்னது எனக் கோடல் துணிவு. எனவே, ஐயுற்றான் துணிந்தவன் அல்லன், மறுத்தவனும் அல்லன். மறுத்தவனுக்குரிய கடனை அவன்மேல் ஏற்றி நீங்குக என்றலும், துணிந்தவனுக்குரிய சொல்லை அவன் வாயினின்று வலிந்து வாங்குதலும் ஒருங்கே பிழையாம். இவ்வேறுபாட்டை உளங்கொள்ளாது இவ்வினாவுள் புகுவார் வழி தப்புவர்.

இதனை ஆராய்தற்குத் தக்கதோர் எடுத்துக்காட்டு, ஐக்கிய அமெரிக்க நாட்டில் யூட்டா மாநிலத்துச் சால்ட் லேக் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட மார்மன் சபையாகும். பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்பது அதன் முறையான பெயர். 2024-ஆம் ஆண்டு முடிவில் உறுப்பினர் ஒரு கோடியே எழுபத்தைந்து இலட்சத்தவர் என அச்சபை தன் கணக்கிற் காட்டியது. பிற சமயத்தார்க்கு நேர்ந்த இடர்ப்பாட்டைக் கண்டு உவத்தற்கு இஃது ஈண்டு எடுக்கப்பட்டதன்று. ஐயுற்றாரது நிலை அங்குப்போல் வேறு யாண்டும் அத்துணை வெளிப்படையாகத் தோன்றாமையின், யாவர்க்கும் பொதுவாகிய உண்மையொன்றை அதன்கண் காணலாம் என்பதே கருத்து.

அஃது எங்ஙனமெனின், கூறுதும். பழைய சமயங்களின் தோற்றம் காலத்தின் சேய்மையில் மறைந்து நிற்கின்றது. மார்மன் சபையின் தோற்றமோ அச்சுப்பொறியும் செய்தித்தாளும் நீதிமன்ற ஏடுகளும் நிலவிய காலத்தது. அதனை நிறுவிய ஜோசப் ஸ்மித் 1805-ஆம் ஆண்டு வெர்மாண்ட் மாநிலத்திற் பிறந்தவர். வானவரால் காட்டப்பெற்ற பொற்றகடுகளினின்று மொழிபெயர்த்ததாக அவர் கூறிய மார்மன் புஸ்தகம் 1830-ஆம் ஆண்டு நியூயார்க் மாநிலத்துப் பால்மைராவில் அச்சாகி வெளிவந்தது. அவ்வாண்டு ஏப்ரல் 6-ஆம் நாள் சபையும் நிறுவப்பட்டது. 1844-இல் இல்லினாய் மாநிலத்துக் கார்த்தேஜ் சிறையில் அவர் கும்பலாற் சுட்டுக் கொல்லப்பட்டார். அதன்பின் பிரிகாம் யங் என்பார் தலைமையிற் சென்ற கூட்டத்தார் 1847-ஆம் ஆண்டு ஜூலையில் உப்பேரியின் பள்ளத்தாக்கை அடைந்து குடியேறினர். இவையெல்லாம் நாள் குறித்து எழுதப்பட்ட செய்திகள். ஆகலின், அச்சபையின்கண் பிறந்து வளர்ந்தான் ஒருவன் தன் சமயத்தின் தொடக்கத்தை ஆராயப் புகுந்தால், ஏடுகள் அவன் கைக்கு எளிதில் எட்டும்.

அங்ஙனம் ஆராய்ந்தார்க்கு நிகழும் ஐயங்களுட் சில வருமாறு. ஸ்மித் 1835-இல் எகிப்திய ஏடுகள் சிலவற்றைப் பெற்று, அவற்றினின்று ஆபிரகாமின் நூலை மொழிபெயர்த்ததாக வெளியிட்டார். அவ்வேடுகளின் துண்டுகள் சில நியூயார்க் நகரத்து மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருந்து, 1967-ஆம் ஆண்டு நவம்பரில் சபையினிடம் ஒப்படைக்கப்பட்டன. எகிப்திய எழுத்தறிந்தோர் அவற்றைப் படித்து, அவை இறந்தாரோடு வைக்கப்படும் ஈமச்சடங்கு ஏடுகள் என்றும், அத்துண்டுகளின் எழுத்துக்கள் அச்சிட்ட நூலோடு ஒவ்வா என்றும் முடிவு கூறினர். ஸ்மித் தமக்கு முதன்முதல் நேர்ந்த தெய்வக்காட்சியைப் பற்றி 1832-இல் எழுதியதும், 1838-இல் எழுதுவித்ததும் தம்முள் வேறுபடுகின்றன. அவர் மணந்த மகளிர் முப்பதின்மர்க்கும் நாற்பதின்மர்க்கும் இடைப்பட்ட தொகையினர் என்பது ஆராய்ச்சியாளர் மதிப்பீடு. பன்மணத்தைப் புதிதாகச் செய்தல் கூடாது என்னும் அறிக்கை 1890-இல் தான் வெளிவந்தது. ஆப்பிரிக்க வழியினராகிய ஆடவர்க்குக் குருத்துவம் மறுக்கப்பட்டிருந்தது. அத்தடை 1978-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் நீக்கப்பட்டது.

இவை பகைவர் கட்டிய பழிகள் எனத் தள்ளத்தக்கன அல்ல. 2013 முதல் 2015 வரையுள்ள ஆண்டுகளிற் சபையே தன் பெயரால் வெளியிட்ட கட்டுரைகளில் இவற்றுட் பெரும்பாலன ஒப்புக்கொள்ளப்பட்டுள்ளன. ஒப்புக்கொண்டபின்னும் இவற்றிற்கு அமைதி கூறி நம்பிக்கையில் நிலைத்தார் பலர். அவ்வமைதிகளால் உள்ளம் நிறையாதாரும் பலர். பின்னவரே ஈண்டு ஆராயப்படுவோர்.

இனி, அச்சபையிற் செயலொடு நிற்றல் என்பது யாது என்பதையும் அறிதல் வேண்டும். ஞாயிறுதோறும் சென்று கேட்டு மீளும் அளவில் அமைவது அன்று அது. வட்டாரச் சபைதோறும் பொருள் பெற்றுப் பணிபுரியும் குருமார் அவர்க்கு இல்லை. பிஷப் எனப்படுவார் பகற்பொழுதில் பல் மருத்துவராகவோ கணக்கராகவோ உழவராகவோ பிழைப்பு நடத்துபவர். மாலையிலும் விடுமுறையிலும் ஊதியமின்றிச் சபைப்பணி ஆற்றுவர். சிறுவர்க்குக் கற்பித்தல், இசை நடத்துதல், கணக்கு எழுதுதல், நோயாளர் இல்லஞ் சென்று காணுதல் ஆகிய தொண்டுகள் உறுப்பினரிடமே பகிர்ந்து ஒப்படைக்கப்படும். வருவாயிற் பத்தில் ஒரு பங்கு காணிக்கை. மதுவும் புகையிலையும் தேநீரும் காப்பியும் விலக்கு. திங்கள்தோறும் முதல் ஞாயிற்றுக்கிழமை இரண்டு வேளை உணவு ஒழித்து, அதன் விலையை எளியார்க்கு ஈவர். இளைஞர் இருபத்துநான்கு மாதமும், இளமகளிர் பதினெட்டு மாதமும் வீடுவிட்டுச் சென்று சமயப்பணி புரிவர். எந்த வட்டாரச் சபைக்குச் செல்வது என்பதும் ஒருவர் தாமே தெரிந்துகொள்வதன்று. குடியிருக்கும் தெருவே அதனை வரையறுக்கும்.

இங்ஙனம் பின்னிய வாழ்க்கையினின்று ஒருவர் நீங்குவது ஒரு கருத்தை மாற்றிக்கொள்வதனோடு ஒழிவதன்று. கணவனும் மனைவியும் ஆலயத்தில் முத்திரிக்கப்பட்டால் இறப்பின் பின்னும் என்றும் பிரியாது மக்களொடு கூடி வாழ்வர் என்பது அவர்தம் கொள்கை. ஆகவே ஒருவன் நீங்குங்கால், அவன் மனைவி தன் கணவனை மறுமைக்கும் இழந்ததாக எண்ணி அழுவாள். ஆலயத்தின் உள்ளே நிகழும் திருமணத்தைக் காண அனுமதிச் சீட்டு உடையார்க்கே இயலும். அஃதில்லாத தந்தை தன் மகளின் மணவினை நிகழும்பொழுது புறத்தே அமர்ந்திருப்பான். பிரிகாம் யங் பல்கலைக்கழகத்திற் பயிலும் அச்சபை மாணவன், ஆண்டுதோறும் தன் பிஷப்பின் சான்று பெற்றாலன்றி அங்குத் தொடர்ந்து கற்றல் இயலாது; அவன் சபையை விட்டால் கல்வியும் இடைமுறியும். இவற்றையெல்லாம் எண்ணாது, ஐயுற்றால் நீங்குக என்று புறத்தே நின்று சொல்வது எளிது.

இனித் தடையும் விடையுமாக இவ்வினா ஆராயப்படும்.

உள்ளத்தில் இல்லாததைச் செயலிற் காட்டுதல் பொய். ஐயுற்றவன் சபையிற் செயலாற்றுதல் உள்ளத்தில் இல்லாத நம்பிக்கையைக் காட்டுதலாம். ஆகலின் அது பொய்யொழுக்கம் என்பது முதற்றடை.

இத்தடை செயல்கள் யாவும் ஒரே பொருளை உரைக்கின்றன எனக் கொண்டமையின் வழுவுடைத்து. ஒவ்வொரு செயலும் எதனை உரைக்கின்றது எனத் தனித்தனி வினவுதல் வேண்டும். மகப்பேற்றுற்ற அண்டை வீட்டாட்கு உணவு சமைத்துக் கொண்டுபோய்க் கொடுப்பவள், எகிப்திய ஏடுகளைப் பற்றி ஒன்றும் உரைத்தாள் அல்லள். உபவாசமிருந்து அவ்வுணவின் விலையை எளியார்க்கு ஈந்தவன், அப்பணம் பசித்தார்க்குச் செல்லுதல் நன்று என்பதனையே உரைத்தவனாவான். பாடற்குழுவிற் பாடுபவன் பாட்டின் பொருளை விழைகின்றான் என்பது புலனாகும். அதன் ஒவ்வொரு சொல்லையும் ஆராய்ந்து துணிந்தான் என்பது அதனாற் பெறப்படாது. இன்னோரன்ன செயல்களை ஐயுற்றவன் செய்வதில் பொய்யென்பது சிறிதும் இல்லை. அவன் நன்மையெனத் துணிந்ததைச் செய்கின்றான். துணியாததைப் பற்றி வாளா இருக்கின்றான். வாளாமை வேறு, பொய் வேறு.

ஆயினும், நேரே உரைக்கும் செயல்களும் உள. திங்களின் முதல் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் உறுப்பினர் தாமே எழுந்து சாட்சி கூறுதல் வழக்கம். சபை உண்மையானது என்று அறிவேன் என்பது அங்கு வழங்கும் தொடர். நம்புகின்றேன் என்னாது அறிவேன் என்றலே பெரும்பான்மை. ஐயுற்றவன் இத்தொடரைக் கூறுவானாயின், அது பொய்யே. அதனைக் கூறாது எழுந்து, தான் உண்மையாகத் துணிந்தது எதுவோ அதனை மட்டும் கூறுவானாயின், அது வாய்மையே. இங்ஙனம் கூறுதற்கு அச்சபையின் மறையே இடந்தருகின்றது. 1831-ஆம் ஆண்டு ஸ்மித் வாயிலாக வெளிப்பட்டதென அவர் கொள்ளும் ஒரு பகுதியில், அறிதல் சிலர்க்கு அருளப்பட்ட கொடை என்றும், அறிந்தார் சொல்லை நம்புதல் வேறு சிலர்க்கு அருளப்பட்ட கொடை என்றும் இரண்டும் வேறாக எண்ணப்பட்டுள்ளன. அறிவேன் என்று யாவரும் சொல்லல் வேண்டும் என்பது வழக்கத்தால் வந்ததேயன்றி மறையால் வந்தது அன்று. வழக்கம் கேட்கும் சொல்லைக் கொடாமையால் ஒருவன் சமயத்தினின்று வழுவியவன் ஆகான்.

இதனினும் கடியது ஆலய அனுமதிச் சீட்டுக்கு உரிய நேர்காணல். அதன்கண் வினவப்படும் வினாக்கள் 2019-ஆம் ஆண்டு அக்டோபரில் சபைத்தலைவரால் வெளிப்படையாகப் படிக்கப்பட்டன. கடவுளிடத்தும் இயேசுவினிடத்தும் நம்பிக்கை உண்டா, சபை மீண்டும் நிறுவப்பட்டமைக்குச் சாட்சி உண்டா என்பன அவற்றுள் உள. செய்வன அனைத்திலும் நேர்மையாய் இருக்க முயல்கின்றாயா என்பதும் அவற்றுள் ஒன்று. ஐயுற்ற தந்தை ஒருவனை எண்ணுக. அடுத்த திங்கள் அவன் மகட்குத் திருமணம். முன்னைய வினாவிற்கு ஆம் என்பானாயின், நேர்மையைப் பற்றிய வினாவிற்கு ஆம் என்னும் தகுதியை அதே மூச்சில் இழப்பான். இல்லை என்பானாயின், மகளின் மணத்தைக் காணும் பேற்றை இழப்பான்.

ஈண்டு அறம் யாது? நம்ப விழைகின்றேன், ஒழுக்கத்திற் குறைவின்றி நிற்கின்றேன், இன்னதில் இன்ன ஐயம் உடையேன் என உள்ளவாறு பிஷப்பினிடம் கூறுதலே அறம். அதனை ஏற்றுச் சீட்டு வழங்கும் பிஷப்புமார் உளர், மறுப்பாரும் உளர். மறுக்கப்பட்டால் அவ்விழப்பைத் தாங்குதல் வாய்மைக்கு அவன் கொடுக்கும் விலையாம். பொய் கூறி உட்புகுந்தவன் மகளின் பக்கத்தில் நிற்பான். ஆயினும், அவள் நம்பும் தந்தையாக நில்லாமையை அவன் உள்ளம் அறியும். எனினும், குற்றம் முழுதும் அவன்பாலதே எனக் கூறுதல் நடுநிலை ஆகாது. மெய் கூறுவார்க்கு இத்துணைப் பெருவிலை வைத்த அமைப்பிற்கும் அதிற் பங்குண்டு. ஊர்முறைப்படி முதலில் மணந்துகொண்டால் ஆலயத்தில் முத்திரித்தற்கு ஓராண்டு காத்திருத்தல் வேண்டும் என்றிருந்த விதியைச் சபை 2019-ஆம் ஆண்டு மே மாதத்தில் தளர்த்தியது. அதனால், சுற்றத்தார் யாவரும் காணப் புறத்தே மணம் செய்தபின் உள்ளே செல்லுதல் எளிதாயிற்று. விலை சிறிது குறைந்தது என்க.

நம்பிக்கையின்றிச் செய்யும் ஒழுக்கம் உயிரற்றது; பயனில் முயற்சி எனப்படும் என்பது இரண்டாந் தடை.

நம்பிக்கை முன்னும் ஒழுக்கம் பின்னுமாகவே நிகழும் என்னும் நியமம் இல்லாமையின் இத்தடை நில்லாது. ஒழுக்கம் முன்னாகத் தெளிவு பின்னாக வருதலும் உலகில் உண்டு. நீந்துதலை நீருள் இறங்கியன்றி அறிந்தார் இலர். மார்மன் புஸ்தகத்தில் ஆல்மா என்பார் பெயரால் வழங்கும் பகுதியும் நம்பிக்கையை ஒரு வித்தாக உவமித்து, முற்ற அறியாதபோதும் நம்பும் விருப்பம் ஒன்றேனும் கொண்டு அதனை உள்ளத்தில் ஊன்றிப் பார்க்குமாறு கூறுகின்றது. முளைத்து வளர்ந்தால் நல்வித்து என அறிதல் அதன் முறை. ஆகவே ஐயத்தோடு ஒழுகிப் பார்த்தல் அம்மறைக்கும் உடன்பாடே.

ஆயினும், வித்தை ஊன்றிப் பார்த்தல் எனின் அது முளையாமற் போதலும் கூடும் என்று ஒப்புதல் அதனுள் அடங்கியுள்ளது. முளைத்தே தீரும் என முன்னரே முடிபு செய்துகொண்டு, முளையாதவழி ஊன்றினான் கையே குற்றமுடையது எனக் கூறுதல் ஆராய்ச்சி ஆகாது. முப்பது ஆண்டு நீரூற்றியும் முளை காணாதான் ஒருவனை, நீ மெய்யாக ஊற்றவில்லை எனப் பழித்தல் கொடுமை. இஃது ஐயமில்லார் தம்முள் அடிக்கடி எண்ணிப் பார்த்தற்குரியது.

ஐயுற்றும் நின்றார் அச்சபையின் வரலாற்றிற் பலர். அவருட் சிலரது வாழ்வை நோக்கின் நிற்றலின் வகை விளங்கும். பி. எச். ராபர்ட்ஸ் என்பார் 1857-ஆம் ஆண்டு இங்கிலாந்திற் பிறந்து இளமையில் யூட்டாவிற்கு வந்தவர். 1888 முதல் 1933-இல் இறக்குங்காறும் சபையின் மேல்நிலைத் தலைவருள் ஒருவராய் இருந்தவர். அதன் கொள்கைக்காக வாதிடுவதில் முன்னின்றவர். அமெரிக்கப் பழங்குடிகளின் மொழிகள் இத்துணை வேறுபட்டிருப்பதும், மார்மன் புஸ்தகம் கூறும் குதிரையும் எஃகும் பண்டை அமெரிக்காவில் காணப்படாமையும் பற்றி ஓர் இளைஞர் விடுத்த வினாக்கள் 1921-இல் அவரிடம் வந்தன. அவர் அவற்றை எளிதில் தள்ளிவிடாது, இடர்ப்பாடுகளை விரிவாக எழுதி, 1922-ஆம் ஆண்டு ஜனவரியில் சபையின் தலைமைக் குழுவினர் முன் வைத்தார். தலைவர்கள் தத்தம் சாட்சியை மீளக் கூறினரேயன்றி வினாக்களுக்கு விடை காணவில்லை. அதுகண்டு ராபர்ட்ஸ் மனம் அமைதியுற்றிலர். மேலும் ஆராய்ந்து எழுதினார். அவ்வாராய்ச்சி அவர் காலத்து அச்சேறாது, 1985-இல் வெளிவந்தது. அவர் நம்பிக்கையை இழந்தாரா இல்லையா என்பதில் அறிஞர் இன்றும் மாறுபடுவர். ஒன்று மட்டும் உறுதி. அவர் அதன்பின் கிழக்கு மாநிலங்களின் சமயப்பணிக்குத் தலைவராய்ச் சென்று உழைத்தார். இறுதிகாறும் சபையினின்று நீங்கிலர். வினாவைத் தலைவர்பால் மறையாமையும், தொண்டைக் கைவிடாமையும் அவர்கண் ஒருங்கே காணப்படுகின்றன.

ரிச்சர்டு போல் என்னும் வரலாற்றாசிரியர் 1967-இல் கலிபோர்னியாவில் பாலோ ஆல்ட்டோ வட்டாரச் சபையில் நிகழ்த்திய உரையில், உறுப்பினரை மார்மன் புஸ்தகத்து இரண்டு பொருள்களால் வகுத்துக் காட்டினார். மூடுபனியிடை வழியின் ஓரத்து நீண்ட இரும்புக்கோலைப் பற்றிக்கொண்டு அடிதோறும் ஐயமின்றி நடப்பார் ஒரு சாரார். திசையைச் சுட்டும் கருவியொன்றைக் கையிற்கொண்டு, வழியின் முழு வரைவும் அறியாது நடப்பார் மற்றொரு சாரார். இருவரும் ஒரு சபையினரே. ஒருவர்க்கொருவர் வேண்டற்பாலர் என்பது அவர் கருத்து. ஐயத்தை நோயெனக் கொள்ளாது இயல்பெனக் கொண்டமை இதன் சிறப்பு.

யூஜின் இங்கிலாந்து என்பார் (1933-2001) இன்னும் ஒருபடி மேற்சென்றார். 1966-இல் மார்மன் சிந்தனைக்கென ஓர் ஆய்விதழைத் தோழரொடு தொடங்கியவர் அவர். கொள்கை உயர்ந்தது, சபையோ குறையுடைய மனிதர் கூட்டம் என்று பலரும் கூறுவதனை மறுத்து, கொள்கையைப்போலவே சபையும் உண்மை என 1986-இல் எழுதினார். நண்பரைத் தெரிந்துகொள்வதுபோல் வட்டாரச் சபையைத் தெரிந்துகொள்ள இயலாமையின், ஒருவன் தனக்கு ஒவ்வாதாரோடு ஒரே பணியில் இணைக்கப்படுகின்றான். அங்ஙனம் இணைந்து, பொறுத்து, தானும் பொறுக்கப்பட்டு, அன்பு செய்யக் கற்கின்றான். அக்கல்வி நூலிற் கிடைப்பதன்று என்பது அவர் வாதத்தின் சாரம். கொள்கையை ஐயுற்றார்க்கும் இக்கல்வியின் மெய்ம்மையை ஐயுறுதல் அரிது. அது நாள்தோறும் காட்சியளவையால் அறியப்படுவதாகலின்.

இனி, மூன்றாந் தடை கூறப்படும். ஒரு சபை தவறு செய்யுங்கால், அதன்கண் ஐயத்தோடு நிற்பார் தம் உழைப்பாலும் தசமபாகத்தாலும் அத்தவற்றிற்கு வலிமை ஊட்டுகின்றனர். ஆகலின் நிற்றல் பிறர்க்குத் தீங்காம் என்பது.

இதனை முற்றும் மறுத்தல் இயலாது. 1978-இற்கு முன்னர்க் குருத்துவம் மறுக்கப்பட்ட ஆப்பிரிக்க வழியினர், தம் பக்கத்து இருக்கையில் அமர்ந்து உள்ளத்தில் மட்டும் வருந்தினாரது வருத்தத்தாற் பயன் ஒன்றும் பெற்றிலர். உள்ளே நின்று வாய்திறந்தாரும் உளர். யூட்டாப் பல்கலைக்கழகத்தை அடுத்த சமயக்கல்வி நிலையத்தில் ஆசிரியராயிருந்த லோவெல் பெனியன் (1908-1996) அத்தடையின் நியாயத்தை வினவியவர். 1962-இல் அந்நிலையத்தை விட்டு விலக நேர்ந்தபின்னும், அவர் சபையிலேயே நின்று முதியார்க்கும் எளியார்க்கும் உணவும் உதவியும் சேர்க்கும் பணியில் வாழ்நாளைக் கழித்தார். எனவே, நிற்றல் தவற்றிற்கு உடன்படுதல் ஆகாதிருத்தற்கு ஒரு நிபந்தனை உண்டு. நிற்பவன் தனக்கு ஏற்ற அளவில் மெய்யை உரைத்தல் வேண்டும். தீங்குற்றார் பக்கத்தில் நிற்றல் வேண்டும். இவை இரண்டும் இல்லாத நிலை, தன் அமைதியைத் தான் காத்துக்கொள்ளும் நிலையே. மேலும், தானோ தன் மகவோ சபையின்கண் தீங்குற்று, நிற்றலால் அத்தீங்கு வளருமாயின், அவர் நீங்குதலே அறம். நிற்றலைப் புகழ்வது நீங்கினாரை இகழ்தற்கு வாயிலாதல் கூடாது.

உரைத்தார்க்குச் சபை இழைப்பது எதுவென்பதும் நோக்கற்பாலது. 1993-ஆம் ஆண்டு செப்டம்பரில் அறிஞரும் எழுத்தாளருமாகிய அறுவர்மேல் சபை ஒறுப்பு நிகழ்த்தியது. அவருள் லவினா ஃபீல்டிங் ஆண்டர்சன் என்னும் அம்மையார், சபைத்தலைவர் ஆராய்ச்சியாளரை நடத்திய முறைபற்றி எழுதியமைக்காக விலக்கப்பட்டார். விலக்கப்பட்டார்க்குத் திருவிருந்து இல்லை. கூட்டத்தில் எழுந்து வேண்டுதல் கூறும் உரிமையும் இல்லை. அவர் அதன்பின்னும் தம் வட்டாரச் சபைக்கு ஞாயிறுதோறும் சென்று அமர்ந்தார். மீளச் சேர்த்துக்கொள்ளுமாறு வட்டாரத் தலைவர் பரிந்துரைத்தபோது, 2019-இல் தலைமை அதனை மறுத்தது. 2023-ஆம் ஆண்டு அவர் இறந்தார். முப்பது ஆண்டு அங்ஙனம் அமர்ந்திருந்தாரை நடிப்பினர் என்பார் யார்? அவர்க்கு அதனாற் கிடைக்கக்கூடிய உலகியற் பயன் ஒன்றும் இல்லை.

இதற்கு மாறாயதோர் நிகழ்ச்சியும் உண்டு. ஸ்டெர்லிங் மக்மரின் (1914-1996) என்னும் மெய்ந்நூற் பேராசிரியர் மார்மன் புஸ்தகத்தின் கொள்கைகளைத் தாம் ஏற்பதில்லை என வெளிப்படக் கூறியவர். 1954-இல் அவரை விலக்க முயற்சி எழுந்தபோது, அக்காலத்துச் சபைத்தலைவர் டேவிட் மக்கே அவரை அழைத்து, விசாரணை நிகழுமாயின் அவர்க்காகத் தாமே முதற்சாட்சியாக வருவதாகத் தெரிவித்தார். முயற்சி கைவிடப்பட்டது. மக்மரின் இறக்குங்காறும் சபையினராகவே இருந்தார். தலைவர் ஒருவர் உள்ளம் விரிந்ததனால் ஒருவர்க்கு இடம் கிடைத்தது. அதனாற் சபை சிதைந்ததில்லை.

ஐயுற்றான் தன் ஐயத்தை யாரிடம் கூறுதல் வேண்டும் என்பதே இறுதியிற் கூறற்பாலது. ஒழுக்கத்தின் முட்டுப்பாடு பெரிதும் இதன்கண் உள்ளது. யாவரிடமும் கூறல் வேண்டும் என்னும் கடன் இல்லை. உபவாசக் கூட்டத்தில் எழுந்து தன் ஐயங்களை அடுக்கிக் கூறுதல், நோயாலும் மகவிழப்பாலும் தளர்ந்து நம்பிக்கை ஒன்றையே ஊன்றுகோலாக வைத்திருப்பான் கையினின்று அதனைத் தட்டிவிடுதல் ஆகலாம். ஆனால், மனைவியிடத்து மறைத்தல் அவ்வகையது அன்று. என்றும் பிரியா உறவு என்னும் நம்பிக்கையின்மேல் அவள் அவனை மணந்தாள். பத்து ஆண்டு தன்னருகே அமர்ந்திருந்தவன் உள்ளம் வேறாய் இருந்தமையைப் பிறர்வாயிற் கேட்பாளாயின், அவள் இழப்பது சமயத்தில் ஒரு துணையை மட்டுமன்று. பத்து ஆண்டின் மெய்ம்மையையும் இழப்பாள். ஆகலின் முதற்கண் கூறற்குரியாள் அவளே. தாழாது கூறுதலும், அவள் நம்பிக்கையைத் தாக்காது கூறுதலும், தானும் இன்னும் தேடுகின்றமையைக் கூறுதலும் வேண்டும். மக்கள் வளர்ந்து, நீர் இதனை நம்புகின்றீரோ என நேரே வினவுங்கால், அவர்க்கும் மெய்யான விடை கடனாம். தந்தை ஐயுற்றும் நன்மையிற் பிறழாது நின்றான் என அறிந்த மகன், பின்னொருநாள் தனக்கு ஐயம் நேர்ந்தால் அதனைக் கண்டு அஞ்சி ஒடுங்கான்.

மேற்கூறியவற்றால் பெறப்படும் துணிபு இது. ஐயம் ஒன்றே நீங்குதற்கு ஏதுவாகாது; ஐயம் உண்டென்பதனால் நிற்றல் பொய்யாகிவிடாது. நிற்பவன் தன் அறிவிற்கு மேற்பட்டதை வாயாற் கூறாமை, உரியாரிடத்து மறையாமை, தீங்கிற்குத் துணைபோகாமை, தேடுதலைக் கைவிடாமை என்னும் நான்கும் அவன் நிற்றலை மெய்யாக்குவன. இந்நான்கனுள் ஒன்று குறையினும் அந்நிலை மெல்ல மெல்ல நடிப்பாய்த் திரியும்.

சபைக்கும் கடன் ஒன்று உண்டு. ஒருவன் கொண்டுவருவது சிறிதாயினும் மெய்யாயின், அதனை ஏற்றுக்கொள்ளுதல். அறிவேன் என்னும் பொய்யைக் காட்டிலும் அறியேன் என்னும் மெய் கடவுட்கு அணித்து என்பதனை எச்சமயத்தாரும் மறுப்பதற்கில்லை. பொய் கூறுவார்க்கு முன்னிருக்கையும் மெய் கூறுவார்க்குப் புறத்திண்ணையும் அளிக்கும் கூட்டம், தன்னுள் மெய்யர் குறைந்து வருதல் கண்டு பின்னர் வருந்திப் பயனில்லை.